மாமாவின் சங்கோசம்

கொழும்பில் வெள்ளவத்தையை விட்டுக் காலி வீதி என்ற பெருந்தெருவால் நடந்துகொண்டிருந்தோம். தகரப் பெட்டி என் தோளில். மாமா முன்னால், தலையைக் குனிந்தபடி. எனக்கோ கால் நிலத்தில் பாவவில்லை. இரட்டைத்தட்டு பஸ்கள் உறுமிக்கொண்டு போயின. வீதியிலிருந்து பிரிந்த ஒழுங்கைகளின் முடிவிலெல்லாம் கடல் தெரிந்தது, அதன் கரையோடு ரயில் ஓடியது. யாழ்ப்பாணத்திலிருந்து அன்று காலைதான் வந்திறங்கியிருந்தோம்.

நடக்க வைத்தது சங்கோசம். எங்கள் வீட்டில் அது பெரிய குணம். யாரும் சாப்பிடக் கூப்பிட்டால், வயிறு காய்ந்தாலும் முதலில் வேண்டாம் என்போம். அவர்கள் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்காருவோம். கேட்டவுடன் ஓம் என்பவன் காணாததைக் கண்டவன்.

என்னைக் கொழும்பில் படிக்கவைக்கத்தான் மாமா கூட்டிவந்தார். வெள்ளவத்தையில் அம்மாவின் ஒன்றுவிட்ட தமக்கை, எனக்குப் பெரியம்மா, இருந்தார். தேத்தண்ணீர் தந்துவிட்டு அவரே கேட்டார்.

“பொடியன் இங்க நிண்டு படிக்கட்டுமே, தம்பி.”

“சேச்சே, உங்களுக்கேன் அக்கா கரைச்சல். வேற இடம் பாத்திட்டன்.”

வேறு இடமே கிடையாது. ஆனால் பெரியம்மா கொழும்புக்கு வந்து கனகாலம். அப்படியென்றால் நல்லது என்று கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமா அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார். செருப்பை மெல்ல மெல்லப் போட்டார். வாசல் கேற்றடியில் நின்று வெயிலைப் பற்றிக் கதைத்தார். பெரியம்மா கைகாட்டி வழியனுப்பினார்.

நடந்து கொள்ளுப்பிட்டிக்கு வந்தபோது நான் கேட்டேன், ஓம் என்று சொல்லியிருக்கலாமே என்று.

“சங்கோசம் எண்டால் என்னெண்டு தெரியுமோடா உனக்கு?”

“தெரியும் மாமா. அதாலதானே நடக்கிறம்.”

அடி விழும் என்றிருந்தேன். மாமா சிரித்துவிட்டுப் பெட்டியைத் தான் வாங்கிக்கொண்டார்.

அன்றிரவு கொட்டாஞ்சேனையில் மாமாவின் சிநேகிதருடைய அறையில் படுத்தோம். விடிந்ததும் நானும் மாமாவும் பாண் வாங்கப் போனோம். பேக்கரி முழுக்கச் சூடும் வாசமும். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இவன என்கிட்ட வேலைக்கு விட்டுட்டுப் போங்களேன். சாப்பாடும் படுக்க இடமும் தாறேன்.”

“வேண்டாம் முதலாளி. இவன் படிக்க வந்தவன்.”

முதலாளி சரி என்று அடுப்புப் பக்கம் திரும்பினார். இவரும் மறுபடி கேட்க மாட்டார்.

“நான் நிக்கிறன் முதலாளி” என்று பாய்ந்துபோய்த் தட்டைத் தூக்கினேன்.

மாமா என்னையே பார்த்தபடி நின்றார். அவரைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் நான் சுடச்சுடப் பாணை அடுக்கினேன். அந்த ஒரு தடவை மட்டும் அவர் மனதாரத்தான் வேண்டாம் என்றார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.