சீர்த் தட்டில் வந்த ரயில் எஞ்சின்கள்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள், அண்ணனோடு மண்டியிலும் லாரியிலும் பழகியவர்கள் அனைவருக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். என்னை எழுதச் சொன்னவர்கள் அண்ணன் பிள்ளைகள். "அத்தை, நல்லபடியா நாலு வார்த்தை எழுதுங்க" என்றார்கள். பண்பின் சிகரம், பாசத்தின் இமயம் என்றெல்லாம் எனக்கு எழுத வராது. அதையெல்லாம் முதல் பக்கத்தில் அச்சகத்தாரே போட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த அண்ணனைப் பற்றி நான் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது, கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டினம் போகும் வழியில் உள்ள எங்கள் ஊரில். அப்பா விவசாயி. கொஞ்சம் மானாவாரி நிலம், ஒரு கிணறு, கிணற்று மேட்டில் மாமரங்கள், வரப்போரம் புளியமரங்கள். நான் நடை பழகும் முன்பே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏர் பிடித்தார். பிள்ளையின் படிப்பு போயிற்றே என்று அம்மா சொல்லிச் சொல்லி வருந்துவார். அண்ணன் வருந்தி நான் பார்த்ததில்லை. "படிச்சிருந்தா எங்கயாச்சும் குமாஸ்தாவா குந்தியிருப்பேன். இப்ப நான் மொதலாளி" என்பார். முதலாளிக்குக் கீழே இருந்தது அம்மாவும் நானும் இரண்டு மாடுகளும்தான்.

மழை பொய்த்த ஒரு வருஷம், புளியையும் மாங்காயையும் உள்ளூர் வியாபாரியிடம் கொடுப்பதைவிடப் பெங்களூருக்கே கொண்டுபோனால் என்ன என்று அண்ணனுக்குத் தோன்றியது. ஊராரின் சரக்கையும் சேர்த்து வாடகை லாரியில் ஏற்றிக்கொண்டு, ஓசூர் தாண்டி, ஜூஜுவாடி எல்லை தாண்டிப் போய்வர ஆரம்பித்தார். கன்னடமும் தெலுங்கும் லாரியில் உட்கார்ந்தபடியே கற்றுக்கொண்டார். எடையில் ஏமாற்றமாட்டார், வாக்குத் தவறமாட்டார் என்று மண்டியில் பெயர் எடுத்தார். நாங்கள் நிமிர்ந்தது அந்த லாரியால்தான்.

அது வெள்ளைக்காரர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போன காலம். பெங்களூரில் பட்டாளத்தார் குடியிருந்த தண்டுப் பகுதியில் அவர்களுடைய வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்துகொண்டே இருந்தன. மற்றவர்கள் கட்டில் வாங்கினார்கள், அலமாரி வாங்கினார்கள், சுவர்க் கடிகாரம் வாங்கினார்கள். அண்ணன் ஒரு ரயில் எஞ்சின் வாங்கிக்கொண்டு வந்தார்.

முழங்கை நீளம் இருக்கும். பித்தளைக் கொதிகலன், புகைபோக்கி, சக்கரங்களைப் பிணைக்கும் தண்டு, டிரைவர் ஏறும் படி, அந்தப் படிக்குக் கைப்பிடி. பெரிய எஞ்சினில் எங்கெங்கே ஆணி உண்டோ அங்கெல்லாம் இதிலும் கடுகளவில் ஆணி இருந்தது. கொதிகலனில் தண்ணீர் ஊற்றி, அடியில் இருக்கும் சிறு விளக்கில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால், நீராவி சேர்ந்து தானே ஓடும், விசிலும் அடிக்கும். அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வூட்ல கொழந்தை குட்டிகூட இல்ல, இது யாருக்குடா?" என்றார். "எனக்குத்தாம்மா" என்றார் அண்ணன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சாவி கொடுத்தால் ஓடுபவை சில, நீராவியில் ஓடுபவை சில. உடைந்ததையும் துரு ஏறியதையும்தான் தேடித் தேடி வாங்குவார். அவரே அரத்தால் ராவி, பற்றவைத்துச் சரிசெய்வார். முன்பு கிருஷ்ணகிரிக்கு வந்துகொண்டிருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தைப் போர்க் காலத்தில் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், அந்த ஏக்கத்தில்தான் இவர் ரயில் சேர்க்கிறார் என்று எங்கள் ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பெரிய காரணமெல்லாம் ஒன்றும் கிடையாது. அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அமாவாசையன்று எங்கள் பக்கம் ஏர் பூட்டமாட்டார்கள். அதுதான் அண்ணனுக்கு ரயில் நாள். நடுவீட்டில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டுவார். பழம்புளி போட்டுப் பித்தளையைத் துலக்குவது என் வேலை. அம்மாவின் குத்துவிளக்கைக்கூட நான் அவ்வளவு அக்கறையாகத் துலக்கியதில்லை. வண்டி சுற்றிவரும்போது அண்ணன் குந்தி உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்ப்பார். அந்த நேரத்தில் கடன்காரன் வந்து நின்றாலும் அவருக்குத் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு மாப்பிள்ளை அமைந்தார். ஊத்தங்கரைப் பக்கம் மதிப்பான குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா ஊர் மணியக்காரர். கண்டிப்பானவர் என்று பெயர். மதுவிலக்கு கடுமையாக அமலில் இருந்த காலத்தில், அவர் ஊரில் ஒருவன்கூடக் கள்ளத்தனமாகக் காய்ச்ச முடியாது என்பார்கள். வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. முகூர்த்த நாள் குறிப்பதுதான் பாக்கி.

ஜூஜுவாடியில் லாரிகளை நிறுத்திச் சோதனை போடுவது வழக்கம். பெங்களூரில் சாராயக் கடை உண்டு, நம் பக்கம் கிடையாது, ஆகவே என்னென்னவோ ஒளிந்து வரும். சாராயம் கிடைக்காமல், மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் ஸ்பிரிட்டைத் தண்ணீரில் கலந்து குடித்துக் கண் போனவர்களும் உண்டு. அன்று அண்ணனின் லாரியில் காலிக் கூடைகளுக்கு நடுவே ஒரு பாட்டில் ஸ்பிரிட் கிடைத்தது. அங்கே நடந்த பேச்சை லாரி டிரைவர் எங்களிடம் நடித்தே காட்டினார்.

"இது என்னாய்யா?"

"ஸ்பிரிட்டுங்க." அண்ணன் மறைக்கவே இல்லையாம்.

"எதுக்கு?"

"எஞ்சினுக்குங்க."

"எந்த எஞ்சினு? லாரிக்கு டீசல்தானய்யா ஊத்துவாங்க?"

"லாரி இல்லீங்க, ரயில் எஞ்சினு."

"ரயிலா? அதை எங்கய்யா ஓட்டற?"

"எங்க வூட்லதாங்க."

வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அதிகாரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குள் ரயில் ஓட்டுகிறேன் என்பவனை யார்தான் நம்புவார்கள்? பாட்டிலைப் பறிமுதல் செய்து, அண்ணனைச் சாவடியில் உட்காரவைத்து, எச்சரித்து அனுப்பினார்கள். அண்ணன் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி பஸ் ஏறி ஊத்தங்கரைக்குப் போய்விட்டது. போகும் வழியில் அது வளர்ந்தும் விட்டது. பெண்ணின் அண்ணன் தினமும் ஸ்பிரிட் குடிக்கிறவனாம், எல்லையில் பிடித்துக் கட்டிவைத்தார்களாம்.

அம்மா அழுதார். "அந்தச் சனியனை எல்லாம் கெணத்துல போடுடா. இவ வாழ்க்கை போச்சேடா" என்றார். நிச்சயமான கல்யாணம் நின்றால் அந்தக் காலத்தில் ஒரு பெண்ணை ஊர் என்ன பேசும் என்று இதைப் படிக்கும் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அண்ணன் மட்டும் அசரவில்லை. "வரட்டும்மா. வந்து கேக்கட்டும். ஓட்டிக் காட்டறேன்" என்றார்.

வந்தார்கள். மணியக்காரரும் துணைக்கு இரண்டு பெரியவர்களும். தண்ணீர்ச் சொம்பைக்கூட வாங்கவில்லை. "தம்பி, ஊர்ல ஒரு பேச்சு அடிபடுது. நீங்களே சொல்லிடுங்க" என்றார் மணியக்காரர். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க மாமா. குந்துங்க, காட்டறேன்" என்று அண்ணன் தண்டவாளத்தை எடுத்துப் பூட்ட ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் பூட்டியானபின்தான் அவருக்கு நினைவு வந்தது, ஸ்பிரிட் ஜூஜுவாடியில் இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். புகைதான் வந்தது, தண்ணீர் கொதிக்கவில்லை. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் உள்பக்கம் திரும்பி, "பாப்பா, சாமி மாடத்துல கற்பூரம் இருக்குதா?" என்றார். "சாமிக்கு வெச்சத ரயிலுக்கா கேக்கற?" என்று அம்மா பதறினார். நான் டப்பாவோடு கொண்டுவந்து கொடுத்தேன். விளக்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு தகரத் துண்டை வைத்து, கற்பூரத்தை அடுக்கிப் பற்றவைத்தார்.

கற்பூரம் எரிந்ததும் மணியக்காரரின் இரண்டு கைகளும் தாமாக எழுந்து குவிந்தன. கன்னத்திலும் போட்டுக்கொண்டார். கூட வந்தவர்களும் போட்டுக்கொண்டார்கள். யாருக்குக் கும்பிடு போட்டோம் என்று உறைத்தபோது எஞ்சின் சீறிக்கொண்டு கிளம்பிவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்ற நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். சிரித்திருந்தால் கல்யாணம் அப்போதே போயிருக்கும்.

இரண்டு சுற்று ஓடியதும் சக்கரத் தண்டின் சின்ன ஆணி ஒன்று கழன்று விழுந்தது. அரிசி மணியைவிடச் சிறியது. அண்ணன் அதைத் தரையிலிருந்து பொறுக்கி, எஞ்சின் சூட்டிலேயே, ஊசி முனை போன்ற துளைக்குள் ஒரே முறையில் பொருத்தினார். மணியக்காரர் எஞ்சினை விட்டுவிட்டு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூட வந்தவர்களிடம், "குடிக்கறவன் கையி இந்த வேலைக்கு ஆவாதுப்பா" என்றார். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் மணியக்காரர் அதோடு எழுந்துவிடவில்லை. "தம்பி, உங்க மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா எஞ்சினு இந்த வூட்ல இருக்கற வரைக்கும் ஸ்பிரிட்டு வரும். ஸ்பிரிட்டு வர்ற வரைக்கும் பேச்சு வரும். எல்லாத்தையும் வித்துடுங்க. முகூர்த்தம் குறிச்சிடலாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அண்ணன் எஞ்சினைப் பார்த்தார், கதவுப் பக்கம் என்னைப் பார்த்தார். "சரிங்க மாமா. வித்துடறேன்" என்றார். அந்தக் குரலை இன்று நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை.

கல்யாணப் பெண் சபையில் பேசக்கூடாது. பேசினேன். கதவுக்குப் பின்னால் இருந்தபடியே, "விக்க வேணாம்ணா. எனக்குச் சீராக் குடுத்துடு" என்றேன்.

அம்மா தலையில் கை வைத்தார். மணியக்காரர் கதவைப் பார்த்து, "எங்க வூட்டுக்கு வந்தா மட்டும் பேச்சு வராதாம்மா?" என்றார். "உங்க வூட்ல இருந்தா யாருங்க பேசுவாங்க? உங்களைப் பேசறதுக்கு அந்த ஊர்ல யாருக்குத் தைரியம் இருக்குது?" என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். தங்கைக்கு அண்ணன் கொடுக்கும் சீரை வேண்டாம் என்று மறுக்கும் வழக்கம் எந்தப் பெரிய வீட்டிலும் கிடையாது, அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்" என்று சொல்லிவிட்டு, வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தார்.

கல்யாணத்தன்று சீர் வரிசையில் தேங்காய் பழத் தட்டுக்கும் புடவைத் தட்டுக்கும் பின்னால் தாம்பாளங்களில் எஞ்சின்கள் போயின. ஊரே வேடிக்கை பார்த்தது. அண்ணன் ஒவ்வொரு எஞ்சினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். அதன்பிறகு தீபாவளி சீர், பொங்கல் சீர், என் பிள்ளைகளின் காதுகுத்து என்று எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும், சாப்பாடு ஆனதும் தண்டவாளம் பூட்டுவார். புதிதாக வாங்கும் எஞ்சினும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வரும். முதல் இரண்டு முறை எட்டி நின்று பார்த்த என் மாமனார், மூன்றாம் முறை தண்ணீர் ஊற்ற உட்கார்ந்துவிட்டார். ஸ்பிரிட்டுக்கு முறைப்படி அனுமதி வாங்கியதும் அவரேதான். ஒரு சொட்டும் குடிக்காத இரண்டு பேர் ஸ்பிரிட் பாட்டிலை நடுவில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும்.

அண்ணன் பிறகு மணம் முடித்தார். அண்ணி பொறுமைசாலி. அண்ணன் கிணற்றை ஆழப்படுத்தினார், மாந்தோப்பைப் பெருக்கினார், பிள்ளைகளைத் தாம் விட்ட படிப்பையெல்லாம் படிக்கவைத்தார். ஓசூரில் தொழிற்சாலைகள் வந்தபோது பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போக, வயதான காலத்தில் அண்ணனும் அண்ணியும் அவர்களோடு போய் இருந்தார்கள்.

என் மாமனார் காலமான வருஷம் நான் அண்ணனிடம் சொன்னேன்: "இனிமே ஸ்பிரிட்டைப் பத்திப் பேசறதுக்கு யாரும் இல்லண்ணா. எஞ்சினெல்லாம் உன்னுதுதான். உன் வூட்டுக்கே எடுத்துட்டுப் போ." அண்ணன் துடைத்துக்கொண்டிருந்த எஞ்சினைக் கீழே வைக்காமலே, "எடுத்துட்டுப் போயிட்டா, பாப்பா, அப்புறம் கட்டிக்குடுத்த வூட்டுக்கு நான் எந்தச் சாக்குல வந்து நிக்கறது?" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசி மாதங்களில் அண்ணனால் பஸ் ஏற முடியவில்லை. ஓசூர் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். நான் போய் நின்றபோது என் கைகளைப் பார்த்துவிட்டு, "என்னா பாப்பா, ஒண்ணும் எடுத்துட்டு வரலியா?" என்றார். "உன்னைப் பாக்கத்தான்ணா வந்தேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். பலம் குறைந்திருந்தது, ஆனால் நடுக்கம் இல்லை. இரண்டு நாள் கழித்து அமைதியாகப் போய்விட்டார். நிறைவாக வாழ்ந்த மனிதர். அவருக்காக நான் அழுதேன், ஆனால் ஒருநாளும் பரிதாபப்படவில்லை.

அண்ணனைக் கடைசிவரை கண்ணாகப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், மருமகள்களுக்கும், மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், வேளை பாராமல் கார் எடுத்து வந்த அடுத்த வீட்டுத் தம்பிக்கும், கிருஷ்ணகிரியிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், காரியம் முடியும்வரை உடனிருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணன் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின்கள் எல்லாம் இங்கே துலக்கித்தான் வைத்திருக்கிறேன். அவை உங்கள் அப்பாவுடையவை. எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். எடுத்துக்கொண்டு போன பிறகும் வாருங்கள்.