கஞ்சி போட்ட கார்

எல்லாம் கெடத் தொடங்கியது பகல் இரண்டேகால் மணிக்கு. மாமா சட்டைப்பையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து அந்த நேரத்தைச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் மெழுகு வாங்கிவரக் கடைக்குப் போனார். நாலு மணிக்குக் கார் மெட்ராஸ் கிளம்ப வேண்டும்.

மாமா ஒரு பட்டு முதலாளியின் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். மடக்கி விரிக்கிற கித்தான் கூரை போட்ட கார். தம்பிக்கு நெஞ்சில் நீர் கட்டியிருந்தது; பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், வழியில் ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி இரக்கப்பட்டுக் காரைக் கொடுத்தார். ஐப்பசி மாதம். கூரை கசியும் என்பது மாமாவுக்குத் தெரியும். முந்தின நாளே தூசி தட்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்து அலசிக் காயவிட்டிருந்தார். அன்று காலை, தண்ணீர் இறங்காமலிருக்கத் தேன்மெழுகைக் கற்பூரத் தைலத்தில் கரைத்து, கூரையின் வலப்பக்கம் முழுவதும் பூசி முடித்தார்.

எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவனுக்கு ஆரஞ்சுப் பழம், அவனுக்கு பார்லித் தண்ணீர், இப்போது அவனுக்குக் கார். போர்வை சுற்றி வாசலில் உட்காரவைத்து, பிறகு தூக்கி, அவன் கையைப் பிடித்துக்கூட மாமா ஒரு இழுப்பு பூசவைத்தார். நான் பிரஷ்ஷைக் கேட்டதற்கு, "போம்மா, சட்டையெல்லாம் பாழாயிடும்" என்றார்.

"நான் மெட்ராஸ் போறேன். நீ தறிக்கு நூல் தார் சுத்திக்கினு இரு" என்றான் தம்பி. பேசினாலே மூச்சு வாங்கியது, ஆனால் அதைச் சொல்ல மட்டும் அவனுக்குத் தெம்பு இருந்தது.

மாமா போனதும் அம்மா அவனை உள்ளே தூக்கிப் போனாள். காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டதில் அரைச் சட்டி மிச்சம் இருந்தது. கஞ்சி குடித்த இழை எளிதில் அறாது என்று அப்பா சொல்வார். தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அதற்கு மேல் என்ன சாஸ்திரம் வேண்டும்? காரின் பக்கப் படியில் ஏறி நின்று, இடப்பக்கக் கித்தானுக்கு நன்றாகக் கஞ்சி போட்டேன். விறைப்பாக, பளபளவென்று, தம்பி பூசியதைவிட ஆயிரம் மடங்கு அழகாக இருந்தது.

மாமா திரும்பி வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"கஞ்சி, மாமா. நான்தான் போட்டேன்" என்றேன், பெருமையாக.

அவர் அடிக்கவில்லை. வானத்தைப் பார்த்தார். பிறகு வாளியும் துணியுமாகத் தேய்க்க ஆரம்பித்தார். வெயில் இல்லை. ஈரக் கித்தானில் மெழுகு பிடிக்கவே இல்லை. மணி நாலரை ஆயிற்று. "ரொம்ப இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும், விடுப்பா" என்று அப்பா அந்தப் பக்கம் ஒரு பாயை வைத்துக் கட்டினார். தம்பியை வலப்பக்கம் படுக்கவைத்து, ஈரக் கூரையின் அடியில் அம்மா உட்கார்ந்தாள்.

கார் தெருமுனை திரும்பும்போது என் கையில் ஒரு சொட்டு விழுந்தது. பெய்யட்டும் என்றுதான் நினைத்தேன். கொஞ்சமாக. அவன் அந்தக் காரை விட்டு இறங்கும் அளவுக்கு மட்டும்.

வாலாஜாபாத் தாண்டியதும் பாய் பறந்துவிட்டதாம். மெட்ராஸ் வரைக்கும் அம்மா அவன்மேல் கவிழ்ந்தபடியே போனாள். கஞ்சித் தண்ணீர் அவள் முதுகில் வடிந்துகொண்டே இருந்தது. இதை அவள் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகு. இப்போது என் பிள்ளைகளில் யாருக்காவது உடம்பு சுட்டால், மருந்தைத் தேடுவதற்கு முன் நான் மழை வருகிறதா என்று பார்க்கிறேன்.

ஒரு மாதம் கழித்து அதே கார் வந்து நின்றது. மாமா தம்பியைத் தூக்கி வந்து என் பக்கத்தில் உட்காரவைத்தார். மொட்டையடித்திருந்தது. விலாவில் ஒரு கட்டு. மெட்ராஸில் என்னென்ன பார்த்தாய் என்று கேட்டேன். அவன் காரைப் பார்த்தான். பிறகு அவன் சொன்னதைக் கேட்டு, கடைசியில் எனக்கும் நியாயம் கிடைத்துவிட்டது என்று நான் குதித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"அடுத்த வாட்டி நீயே போக்கா" என்றான்.