ரோஸ் வீடு

யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பிய என் தாய்மாமா பெட்டியில் கொண்டுவந்ததைவிட வாயில் கொண்டுவந்ததே அதிகம். இத்தாலியில் லாரி ஓட்டியவர். கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் லாரி பழுதாகிக் கொஞ்ச நாள் தங்கினாராம். மீன் பிடிக்கப் போகிறவர்கள் தூரத்திலிருந்தே அடையாளம் காண, அங்கே வீட்டுக்கு ஒரு நிறம் அடித்திருப்பார்களாம். கடலையே பார்த்திராத எனக்கு அந்த ஊருக்குப் போயே தீர வேண்டும் என்று ஏக்கம். 'கூட்டிட்டுப் போறேன்' என்று மாமாவும் சொல்லுவார்.

அம்மாவின் கவலை வேறு. வருகிற பெண்ணையெல்லாம் மாமா தட்டிக் கழித்தார். கடைசியில் அம்மா அழுத அழுகையில், தளவாய்புரத்துப் பெண்ணுக்குத் தலையாட்டினார். கிறிஸ்துமஸ் கழிந்ததும் கல்யாணம். பண்டிகைக்கு வெள்ளையடிக்கும் வேலையை அம்மா அவரிடம் விட்டாள். சுண்ணாம்பில் சொட்டு நீலம் போட வேண்டியவர், காவியைக் கரைத்து வீட்டையே ரோஸ் ஆக்கிவிட்டார். கோயிலுக்குப் போய்விட்டு வந்த அம்மா தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"ஏலே, இது கல்யாண வீடா, மிட்டாய்க் கடையா?"

"கண்மாய்க்கு அக்கரையில இருந்து பாத்தா நம்ம வீடு தெரியணும்க்கா."

அன்றிலிருந்து ஊருக்கு நாங்கள் ரோஸ் வீட்டுக்காரர்கள். சாயங்காலங்களில் மாமா அக்கரையில் உட்கார்ந்து, தண்ணீருக்கு மேலே எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கூடப் போகிற என்னிடம், இதுதான் கடல், அதுதான் அந்த ஊர் என்பார். நான் நம்பினேன். நம்புவதற்கு ஆசையாகவும் இருந்தது.

வந்த அத்தை வெள்ளையடிக்கச் சொல்லுவாள் என்று அம்மா காத்திருந்தாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அத்தையே காவியைக் கரைத்துச் சுவரில் பூசினாள். பொறுமைசாலி. பூசி முடித்து எங்களோடு அக்கரைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"கலரு சரியா இருக்கா?"

"இன்னும் செத்த வெளுப்பா இருக்கணும்" என்றார் மாமா.

அத்தை வீட்டைப் பார்த்தபடியே, "அவ வீட்டுக் கதவு என்ன கலரு?" என்றாள்.

எவள் என்று கேட்க வாயெடுத்தேன். அத்தை என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மாமா தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "பச்ச" என்றார்.

மறுநாள் அத்தை கதவுக்குப் பச்சை அடித்தாள். இத்தாலிக்கே போய்ச் சேர்ந்துவிட்டதாக நான் குதித்தேன். அதைப் பார்க்க மாமாவைக் கண்மாய்க்கு இழுத்தேன். அவர் வரவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் அக்கரைக்குப் போகவில்லை. எல்லாம் சரியாக அமைந்த பிறகு ஏன் போகவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.