செடிகளுக்கு ஒரு மாமியார்

பேருந்து உறுமிக்கொண்டு புறப்படுகிறது. அதன் புகைக்குழாய்க்கு நேரே ஒரு செடித்தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார் அவர். மூக்கில் கைக்குட்டை, கண்கள் இறுக மூடியிருக்கின்றன. கரும்புகை மொத்தமும் இலைமேல் அடித்து ஓய்ந்ததும் தொட்டியை முகத்தருகே தூக்கி, "என்ன, இதுக்கே சோர்ந்துட்டியா? இன்னும் எத்தனை வண்டி இருக்கு, நில்லு" என்கிறார். பணிமனையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பழகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் மட்டும் "அந்தம்மாவுக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று விசாரித்தாராம். "செடிக்குத்தான் பிரச்சினை" என்று பதில் வந்ததாம்.

நகராட்சியின் பூங்காப் பிரிவில், சாலையோரத்தில் என்ன செடி வைக்கலாம் என்று பார்த்து எடுப்பது அவருடைய வேலை. பூங்காவுக்குச் செடி எடுப்பவர்கள் வேறு. அங்கே வேலி உண்டு, காவல் உண்டு, வேளாவேளைக்குத் தண்ணீர் உண்டு. சாலையோரச் செடிக்கு நாதி ஏது? வெயில் அதன் தலையில்தான் விழும்; புகை அதன் மூஞ்சியில்தான் அடிக்கும்; அவசரத்துக்கு ஒதுங்குகிறவனும் அதன் காலடியில்தான் ஒதுங்குவான். அத்தனையையும் வாங்கிக்கொண்டு மறுநாள் காலை பச்சையாக நிற்க வேண்டும். நாற்றுப்பண்ணைக்காரர் "தங்கமான செடிங்க" என்று சொல்வதை நம்பி எடுத்துவிட அவர் என்ன ஏமாளியா? தாமே பரீட்சை வைக்கிறார்.

பரீட்சை வீட்டில் தொடங்கும். முதலில் மொட்டைமாடி, நண்பகல், கொதிக்கும் தளம், தண்ணீர் கிடையாது. அதில் தேறியவை கீழே இறங்கி, குடியிருப்பில் எல்லோரும் இருசக்கர வண்டி நிறுத்தும் சந்தில் நிற்கும். வருகிறவர் போகிறவர் எல்லாம் உதைப்பார்கள், கைப்பிடியால் இடிப்பார்கள். அடுத்தது, பக்கத்து வீட்டு நாய் தினமும் தவறாமல் மரியாதை செலுத்தும் மூலை. அதையும் தாண்டினால்தான் பணிமனைப் புகை. வாடிப்போன தொட்டியைப் பார்த்து மனம் இளகுகிற பழக்கமே கிடையாது. "இங்க சாகட்டும், பரவாயில்ல. ரோட்டுல போய் சாகக் கூடாது" என்பார்.

அவர்மேல் 'மாமியார்' என்ற பெயரை ஒட்டவைத்தவர் தண்ணீர் லாரி ஓட்டுநர். நேரில் "அக்கா", முதுகுக்குப் பின்னால் "மாமியார்". காரணம் இருக்கிறது. புதுச்செடி வேர்பிடிக்கும் வரைதான் லாரித் தண்ணீர். அதன்பிறகு அந்த இடத்தில் லாரி வேகத்தைக் குறைத்தால் போதும், நடைபாதையில் நிற்கும் மாமியார் காக்கையை ஓட்டுவதுபோல் கையை வீசுவார். "போ, போ! பழக்கிவிட்டா அப்புறம் அதையே எதிர்பார்க்கும்." ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டு போவார். "அக்கா, உங்க வீட்டுல வாழ்க்கைப்பட்டதுங்க பாவம்" என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டார். அவர் கோபிக்கவில்லை. பெயர் தமக்குத் தெரியும் என்பதுபோல் சிரித்துக்கொண்டார்.

வீட்டில் உள்ள நிஜ மருமகளுக்கு இந்தப் பெயர் பெரிய வேடிக்கை. அவள் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்து, ஆற்றி, கையில் கொடுக்கிறவர் அவர். "என்னையெல்லாம் நீங்க இப்படிச் சோதிக்கலையே அத்தை?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"நீ என்ன, ரோட்டுல போய் நிக்கப் போறியா?" என்றார் அத்தை.

இப்படிப்பட்டவரையே மண்ணைக் கவ்வவைத்தது ஓர் இடம். பணிமனைக்கு எதிரே, நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில், ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு நீளமாக ஒரு மண்பட்டை. சுற்றிலும் சிமெண்டு விளிம்பு. அதை ஒட்டி ஓர் இஸ்திரிக் கடை, ஒரு சாவிக்கடை, பேருந்துக்குக் காத்திருப்பவர்கள். முதலில் அங்கே காகிதப்பூ வைத்தார். ஜோராக வளர்ந்தது, நெஞ்சுயரத்துக்கு வந்தது, பூத்தது. பிறகு யார் கண்பட்டதோ, இலை மஞ்சளாகி உதிர்ந்து, செத்தது. புகை அதிகம்போலும் என்று நினைத்து, அதைவிட அழுத்தமான ரயில் கற்றாழையை வைத்தார். அது இன்னும் சீக்கிரம் செத்தது. 'ஆகட்டும், பார்த்துவிடலாம்' என்று, பாலைவன ரோஜாவையே இறக்கினார். பெயரிலேயே பாலைவனத்தை வைத்திருக்கும் செடி. பரீட்சை அத்தனையிலும் முதல் மதிப்பெண். அது வந்த வேகத்தில் தொங்கிப்போயிற்று.

நகராட்சிப் பொறியாளர் பொறுமையானவர்தான். ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? "இதோட விட்டுடலாம் மேடம். இன்னும் ஒரு தடவை வைங்க. அதுவும் பட்டுப்போச்சுன்னா மண்ணை மூடி சிமெண்டுக் கல் பாவிடறேன். எனக்கும் மேல பதில் சொல்லணும்" என்றார். மாமியாருக்குச் சுருக்கென்றது. தாம் செடி எடுத்த இடம் எதுவும் அதுவரை சிமெண்டானதில்லை. ஒருமுறை மூடினால் மூடினதுதான். சிமெண்டைப் பெயர்த்து மறுபடி மண் போட்டதாக எந்த ஊரிலாவது கேள்விப்பட்டதுண்டா?

செத்த செடியை அள்ளிக்கொண்டு போவது ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வேலை. முதல் இரண்டு தடவையும் அவர்கள்தான் அள்ளினார்கள். இந்தத் தடவை அவரே மண்டியிட்டு உட்கார்ந்து ஒன்றைப் பிடித்து இழுத்தார். பலமே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்துவிட்டது. பருத்த அடித்தண்டு அழுகிய பழம்போல் விரலில் பிதுங்கியது. குப்பென்று அழுகல் நாற்றம் அடித்தது. மேலே வெயிலில் வறண்டு வெடித்துக் கிடந்த மண்ணுக்குள் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே சேறு! அடியில் பழைய சிமெண்டுத் தளம் வேறு; இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி நின்றிருக்கிறது. காய்ந்து சாகிறது என்று நினைத்து, வறட்சியைத் தாங்குகிற செடியாகத் தேடித்தேடிக் கொண்டுவந்திருக்கிறார். அது மூச்சுமுட்டி அல்லவா செத்திருக்கிறது!

குழாய் உடைப்பா? அதுவும் இல்லை. லாரிக்காரர்? "நீங்க கை வீசற வேகத்துக்கு நான் அந்தத் தெருவுல பிரேக்கே போடறதில்லக்கா" என்றுவிட்டார். சரி, யார் என்று பார்த்துவிடுவோம் என்று அன்று பொழுது சாயும்வரை பேருந்து நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டார்.

இஸ்திரிக் கடை மூடும் நேரம். கடைக்கார அம்மாள் பெட்டியை ஆறவைத்து, துணிகளை அடுக்கி, கதவைப் பாதி இறக்கினார். தெருமுனைக் குழாயிலிருந்து இரண்டு கையிலும் வாளி சுமந்து, இடுப்பு நோக நடந்து வந்தார். செத்துக்கிடந்த செடிகளின் முன்னால் குந்தி, உள்ளங்கையைக் கீழே பிடித்து, வாளித் தண்ணீரை அந்தக் கையில் ஊற்றி, விரலிடுக்கு வழியாக மண்ணில் வழியவிட்டார். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல் அப்படி ஒரு பதனம். ஒரு செடி விடாமல் எல்லாவற்றுக்கும்.

மாமியார் விருட்டென்று எழுந்தார். நாக்கின் நுனியில் பெரிய திட்டு ஒன்று தயாராக நின்றது. அதற்குள் இஸ்திரியம்மா நிமிர்ந்து பார்த்து, "நீங்கதானே செடி வைக்கிற அம்மா?" என்றார். "நல்லவேளை வந்தீங்க. பாருங்க இதுங்களை! நானும் தினம் ஊத்தறேன். வாட வாட இன்னும் ஒரு வாளி சேர்த்து ஊத்தறேன். பிழைக்க மாட்டேங்குது. வயித்தெரிச்சலா இருக்கு."

"நீங்க எதுக்கு ஊத்தறீங்க? யார் ஊத்தச் சொன்னா?"

"யார் சொல்லணும்? முன்னல்லாம் வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சு மடிக்கிறதுக்குள்ள ரோட்டுப் புழுதி வந்து உட்காந்துக்கும். ஒருத்தர் அப்படியே என் மூஞ்சியில வீசிட்டுப் போனாரு. அந்தக் காகிதப்பூ வளர்ந்து மறைச்சதும் பாருங்க, ஒருத்தர் வாயைத் திறக்கல. என் சோத்துல மண் விழாம காப்பாத்தின செடிங்க. அதுக்கு நான் ஒரு வாய் தண்ணி குடுக்கக் கூடாதா?"

திட்ட வந்ததை மாமியார் மறந்தே போனார். நகரம் முழுக்க எத்தனையோ தெருவில் அவர் எடுத்துக்கொடுத்த செடிகள் நிற்கின்றன. செத்தால் புகார் வரும். இருந்தால் யார் கண்ணிலும் படாது. சாலையோரச் செடியின் தலையெழுத்து அது, அதை எடுத்தவரின் தலையெழுத்தும் அதுதான் என்று எப்போதோ மனத்தைத் தேற்றிக்கொண்டவர் அவர். ஒரு செடிக்கு இப்படி இடுப்பொடிய நன்றி சொல்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறார். கண் கரித்தது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அப்போது பேருந்து எதுவும் கிளம்பவில்லை.

"உங்க மேல தப்பில்லம்மா. இதுங்க தண்ணி குடிக்கத் தெரியாத ஜாதி" என்றார் கடைசியில். "உங்க கைக்கு ஏத்த மாதிரி ஒண்ணு கொண்டு வரேன்."

வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னார். "வெயில் தாங்குமா, புகை தாங்குமா, உதை தாங்குமான்னு எல்லாம் பார்த்தேன். பாசத்தைத் தாங்குமான்னு பார்க்கத் தோணவே இல்லியே எனக்கு!" அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் யார்? படித்து என்ன செய்ய? ரோட்டில் அமிர்தம் கிடைக்கும் என்று யார் கண்டார்கள்?

மறுவாரம் மொட்டைமாடிக்கு ஏறியது கல்வாழை. ஒருநாள் தண்ணீர் இல்லையென்றால் மயக்கம் போட்டு விழுகிற செடி. இத்தனை காலமும் "செல்லப்பிள்ளை" என்று கேலிசெய்து, பரீட்சைக்கே சேர்க்காமல் துரத்திய செடி. அதை அடித்துளையை அடைத்த தொட்டியில் வைத்து, காலையும் மாலையும் வாளி வாளியாக ஊற்றினார். அது அசராமல் குடித்துவிட்டு அகலமாக ஓர் இலை விட்டது. "இவ்வளவு நாள் இந்தக் கையா இது?" என்று மருமகள் வாயில் கைவைத்தாள்.

இஸ்திரியம்மாவின் வாளிக் கதையைக் கேட்ட பொறியாளருக்கும் ஆச்சரியம்தான். "மேடம், நீங்களா கல்வாழை கேட்கறீங்க? அந்தம்மா கடை திறக்காத அன்னைக்கு?"

"ரோட்டை மட்டும் பார்த்து செடி எடுத்தது போதும் சார். பக்கத்துல யார் இருக்காங்கன்னும் பார்க்கணும்" என்றார் மாமியார். "நான் பொறுப்பு." சொல்லிவிட்டார். கடைசி வாய்ப்பை ஒரு வாளித் தண்ணீரை நம்பியல்லவா கட்டியிருக்கிறார்!

கல்வாழை இஸ்திரியம்மாவின் வாளிக்குக் கொழுகொழுவென்று வளர்ந்தது. சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தது. சாலைப்பக்க இலைகளில் தூசி அப்பியிருக்கும். கடைப்பக்க இலைகள் துடைத்து வைத்ததுபோல் பளபளக்கும். மாமியார் அலுவலகம் போகும் பேருந்தில் எப்போதும் அந்தப் பக்க ஜன்னலோரம்தான் உட்காருவார். செடியைப் பார்க்கிறேன் என்பார். கடைக்குள் ஆள் இருக்கிறதா என்றும்தான் பார்த்தார்.

வெயில் உச்சத்துக்கு ஏறிய ஒரு காலை, கடைக்கதவு மூடியிருந்தது. மறுநாளும் மூடியிருந்தது. மகளுக்குப் பிரசவம், இஸ்திரியம்மா வெளியூர் போயிருக்கிறார், வர நாளாகும் என்று சாவிக்கடைக்காரர் சொன்னார். "நானும் நேத்து ஒரு சொம்பு ஊத்தினேங்க, எந்த மூலைக்குப் பத்தும்?" என்றார். கல்வாழை இலையெல்லாம் சுருட்டிக்கொண்டு, தண்டு துவண்டு, மண்ணைப் பார்த்துக் குனிந்து நின்றது. அன்று மதியம் பொறியாளர் அந்த வழியாக வருவதாக இருந்தது. சாவிக்கடைக்காரர் நீட்டிய சொம்பை மாமியார் வாங்கி, அதற்குள் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார்.

தெருமுனையில் தண்ணீர் லாரி திரும்பியது. ஓட்டுநர் தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டார். எதற்கு வம்பு என்று பழக்கப்படி வேகத்தைக் கூட்டினார். மாமியார் கைப்பையை விளிம்புக்கல்மேல் போட்டுவிட்டுச் சாலையில் இறங்கினார்; நட்டநடுவில் நின்றார். எப்போதும் காக்கை ஓட்டும் கையை நீட்டி, லாரிக்கு நேரே பிடித்தார்.

பிரேக் கிறீச்சிட்டது. "அக்கா! என்னாச்சு? ஓடச் சொல்றீங்களா, நிக்கச் சொல்றீங்களா?"

"நிறுத்து. குழாயை எடு."

வாயைப் பிளந்துகொண்டு இறங்கியவர் குழாயை இழுத்துவந்து திறந்தார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு மண்ணைக் குழிபறித்தது. "கொஞ்சம் கொறைப்பா" என்று மாமியார் சொல்லி, குழாயைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, முதல் கல்வாழையின் அடியில் குந்தினார். குழாய்வாய்க்குக் கீழே உள்ளங்கையை வைத்து, விரல்களைச் சற்றே விரித்து, தண்ணீர் அந்த இடுக்கு வழியாக மெல்ல இறங்கும்படி பிடித்துக்கொண்டார்.