பண்டிகைக்குப் பெயர் போடாத வருடம்

எங்கள் அலுவலகத்தில் டிசம்பர் கடைசியில் ஒரு கேக் வெட்டுவார்கள். இந்த வருடம் கேக்கைவிட அதன்மேல் என்ன எழுதுவது என்பதுதான் பெரிய விவகாரமாகிவிட்டது. கிறிஸ்துமஸ் என்று பெயர் போட வேண்டும் என்று ஒரு கட்சி. எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாழ்த்து போதும் என்று இன்னொரு கட்சி. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இந்தச் சண்டையை நான் ஐந்தாம் வகுப்பிலேயே பார்த்தாயிற்று, பொது வாழ்த்தைக் கண்டுபிடித்தவரே எங்கள் அப்பாதான் என்று பெருமையடித்துவிட்டேன். அப்படியானால் அவரையே கேட்டுச் சொல் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அப்போது நாங்கள் புதுச்சேரி லாஸ்பேட்டையில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மாடி மாடியாக வீடுகள், கீழே ஸ்கூட்டர்கள் நிறுத்தும் கொட்டகை, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்கள், நாளைக்குக் கரண்ட் கிடையாது என்பது போன்ற அறிவிப்புகள் அதில் வரும். அப்பா குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். எனக்குக் கையெழுத்து நன்றாக இருந்ததால் போர்டு எழுதும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. அதில் துளியும் சலுகை இல்லை என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

பண்டிகை வந்தால் என் கொடி பறக்கும். வண்ணச் சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து எழுதினால் காய்ந்த பிறகு நிறம் தூக்கலாகத் தெரியும். தீபாவளிக்குப் புஸ்வாணம், பொங்கலுக்குப் பானை, ரம்ஜானுக்குப் பிறை, கிறிஸ்துமஸுக்கு வால் வைத்த நட்சத்திரம் என்று படமும் போடுவேன். போர்டில் எந்தப் பண்டிகையின் பெயர் இருக்கிறதோ அந்தப் பண்டிகைக்காரர் வீட்டுக்குக் காலையில் எல்லோரும் கூட்டமாகப் போவது எங்கள் குவார்ட்டர்ஸ் வழக்கம். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. வாழ்த்துச் சொல்லிவிட்டு, கொடுத்ததைத் தின்றுவிட்டு வருவோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லா வீட்டிலும் பண்டிகை என்பதால் யார் யார் வீட்டுக்குப் போவது என்று குழப்பமாகிவிடும். கிறிஸ்துமஸுக்கு அந்தக் குழப்பம் இல்லை. எங்கள் எதிர்வீடு ஒன்றுதான் கிறிஸ்தவர் வீடு.

எதிர்வீட்டு அத்தை அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரே அவரை சிஸ்டர் என்று கூப்பிடும். அம்மாவை அவர் அண்ணி என்று கூப்பிடுவார். இரண்டையும் சேர்த்து நான் சிஸ்டர் அத்தை என்று வைத்திருந்தேன். அவர் வீட்டுக்காரர் பிரான்ஸில் இருந்தார். பாட்டன் காலத்திலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அத்தை இங்கே சர்வீஸை முடித்துவிட்டு வருவதாக ஏற்பாடு. ஒவ்வொரு டிசம்பரிலும் மாமா வந்துவிடுவார். சென்னை விமான நிலையத்திலிருந்து டாக்சி வந்து நின்றால் பிள்ளைகள் எல்லோரும் கொட்டகையில் கூடிவிடுவோம். சாக்லேட் அருமையாக இருக்கும். அவர் கொண்டுவரும் சீஸின் நாற்றம்தான் தாங்காது. "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு யாரும் பார்க்காதபோது பூனைக்குப் போட்டுவிடுவோம்.

போர்டில் நட்சத்திரத்துக்குக் கீழே பிரெஞ்சிலும் வாழ்த்து எழுத எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்த மாமாதான். என் கையைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக எழுதவைத்தார். "ழுவாய்யே நொயேல்" என்று படிக்க வேண்டுமாம். எழுதுவது ஒன்று, படிப்பது வேறொன்றாக இருந்ததால் எனக்கு அது பிடித்துப்போயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் டூட்டி முடிந்து வரும் அத்தை, ஸ்கூட்டரை போர்டுக்கு எதிரில் நிறுத்தித் தமிழையும் பிரெஞ்சையும் சத்தமாகப் படிப்பார். "எனக்கா எழுதின?" என்று கேட்பார். "உனக்குத்தான் அத்தை" என்பேன். பெரிய கட்டடம் முழுக்க ஒரே ஒரு வீட்டுக்காக வாழ்த்துச் சொல்வது எனக்கும் பெருமையாக இருக்கும்.

அந்த வருடம் டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் சிஸ்டர் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. அம்மா உடனே என்னைக் கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்லிக் கடைக்கு அனுப்பினார். அடுப்படியில் கொத்துக் கறிவேப்பிலை கிடந்ததை நான் பார்த்திருந்தேன். சொன்னால் திட்டு விழும் என்று போனேன். திரும்பி வந்தபோது அத்தை போயிருந்தார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் சங்கக் கூட்டம். அத்தை டூட்டியில் இருந்தார். லிஃப்ட் இல்லாத குறை, நாய்த் தொல்லை எல்லாம் பேசி முடித்த பிறகு அப்பா எழுந்தார்.

"இனிமே போர்டுல எந்தப் பண்டிகைக்கும் பேர் போட வேணாம்னு நெனைக்கறேன். பண்டிகைக்கால வாழ்த்துகள்னு பொதுவா எழுதிடலாம். யாருக்கும் மனசு கோணாது" என்றார்.

மேல்மாடியில் இருந்தவர் அப்பாவுக்கு உயிர்த் தோழர்; நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவேன். நெற்றி நிறைய விபூதியும் வாய் நிறைய தொழிற்சங்கப் பேச்சுமாக இருப்பார். "இதுவரைக்கும் யாருக்குப்பா மனசு கோணிச்சு?" என்று கேட்டார்.

கீழ்வீட்டு சார் குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக வந்தவர். "செகரட்டரி சொல்றது கரெக்ட். இது கவர்மென்ட் எடம். சாமி பேரெல்லாம் அவங்கவங்க வீட்டுக்குள்ள இருக்கட்டும்" என்றார். அப்பாவுக்கு ஆதரவு கிடைத்துவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் ஆதரவு கிடைத்தவர் மாதிரி இல்லை.

"தீபாவளிக்குப் பேர் போட்டு, புஸ்வாணம் எல்லாம் வரைஞ்சு எழுத வெச்சியே. அப்ப இந்தப் பொது எங்க போச்சு? கிறிஸ்துமஸ் வரும்போதுதான் உனக்குப் பொது ஞாபகம் வருதா?" என்றார் பெரியப்பா. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "அந்தம்மா ஒத்த வீடு. கேக்க ஆளில்லன்னுதானே?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்படி இல்லண்ணே" என்றார். கைகளைத் தூக்கச் சொன்னார்கள். சில பேர் தூக்கினார்கள், சில பேர் வீட்டில் குழம்பு கொதிப்பதாக எழுந்து போனார்கள். தீர்மானம் நிறைவேறியதாக வைத்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து பெரியப்பா அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறுவதை நிறுத்திவிட்டு பஸ்ஸில் அலுவலகம் போனார். எனக்கு அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே யோசனை. எங்கள் அப்பா அப்படிப்பட்டவரா? போன கிறிஸ்துமஸுக்கு அத்தை வீட்டில் கேக்கை மூன்று தரம் கேட்டு வாங்கித் தின்றவர் இவர்தானே? அத்தை படியேறி வரும்போது அப்பா எப்படிப் பார்க்கிறார் என்று கதவிடுக்கில் நின்று கவனித்தேன். "சாப்டியாம்மா?" என்றுதான் கேட்டார். கெட்டவர்கள் இப்படியெல்லாம் கேட்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் போய், "அப்பாவுக்குச் சிஸ்டர் அத்தையப் புடிக்காதா?" என்றேன். "போய் வீட்டுப்பாடம் எழுது" என்றார். அத்தை அந்த வருடம் பால்கனியில் நட்சத்திரம் கட்டவில்லை. கோபமாகத்தான் இருக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் போர்டு எழுதப் போனேன். பண்டிகைக்கால வாழ்த்துகள் என்று எழுதுவதில் கஷ்டமில்லை. படம்தான் இடித்தது. பொதுவுக்கு எந்தப் படம் போடுவது? பிறையும் நட்சத்திரமும் பானையும் சேர்த்துப் போட்டால் பாத்திரக்கடை விளம்பரம் மாதிரி இருந்தது. அழித்துவிட்டு அப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் நிஜமாகவே யோசித்தார். "பூ போடு" என்றார். என்ன பூ என்று கேட்டதற்கு, எதுவானாலும் சரி என்றார். எனக்குச் செம்பருத்திதான் வரும். பெரிய சிவப்புச் செம்பருத்தி ஒன்று போட்டேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் யார் வீட்டுக்கு என்று சொல்லாத பூவாக இருந்தது. யாரும் நின்று படிக்கவில்லை.

காலையில் எழுந்து பார்த்தால் என் பூவைக் காணோம். பெரியப்பா விடியலிலேயே அதை அழித்துவிட்டுப் போர்டு கொள்ளாத எழுத்தில் கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார். அவர் போட்ட நட்சத்திரம் ஒரு பக்கம் சரிந்து நண்டு மாதிரி இருந்தது. வீடு வீடாகப் போய் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்தார். கீழ்வீட்டு சார்கூட வந்தார். கேக் வேறு, கொள்கை வேறு என்று நினைத்திருப்பார். அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

எதிர்வீடு பூட்டியிருந்தது.

"டூட்டிக்குப் போயிருக்காங்க. விடிகாலையில கெளம்பிட்டாங்க" என்றார் அம்மா.

கிறிஸ்துமஸ் அன்று அத்தை ஒருநாளும் டூட்டிக்குப் போனதில்லை. கூட்டம் கொஞ்ச நேரம் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. பெரியப்பா அப்பா பக்கம் திரும்பினார். "டூட்டியக் கேட்டு வாங்கிப் போயிருக்கு அந்தப் பொண்ணு. இந்த எடத்துல இருக்கப் புடிக்காம போயிருக்கு. சந்தோஷமா?" என்றார்.

அப்பா ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். "என் தப்புதாண்ணே" என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா தப்புச் செய்தார் என்பதற்காக இல்லை. அதை இத்தனை பேர் நடுவில், அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாரே என்பதற்காக. பொங்கலுக்கு முன்னாலேயே செயலாளர் பதவி பெரியப்பாவுக்குப் போய்விட்டது. போர்டில் பெயர்கள் திரும்ப வந்தன.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது அத்தையின் ஸ்கூட்டர் வந்தது. போர்டுக்கு எதிரில் நிறுத்தினார். சத்தமாகப் படிக்கவில்லை.

"இது உன் எழுத்து இல்லியே" என்றார்.

"பெரியப்பா எழுதினாரு. நான் பூ போட்டிருந்தேன் அத்தை. அழிச்சிட்டாங்க."

"என்ன பூ?"

"செம்பருத்தி."

"அழிச்சிருக்க வேணாம்" என்றார். தன் வீட்டுப் பூட்டைத் திறக்காமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அம்மா தோசை வார்த்துப் போட்டார். அப்பா எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது மாதிரி இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தை, அப்பா மேல கோவமா?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்கப்பா மேலயா?" என்று திருப்பிக் கேட்டார். அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். அத்தை தட்டில் இருந்த தோசையைத் தின்று முடித்தார். பிறகு, "இன்னொரு தோசை வைங்க அண்ணி" என்றார்.

போன வாரம் அப்பாவுக்குப் போன் செய்து, அலுவலகத்துக் கேக் பஞ்சாயத்தைச் சொன்னேன். பொது வாழ்த்தின் முன்னோடி என்ற முறையில் தீர்ப்புச் சொல்லுங்கள் என்றேன். அப்பா சிரித்தார்.

"எனக்கு ஏதும்மா கொள்கை? அந்த வருஷம் வீட்டுக்காரரு வரலன்னு சிஸ்டர் வந்து சொல்லுச்சு. இனிமே வரவே மாட்டேன்னு போன்ல சொல்லிட்டாராம். அங்கியே வேற குடும்பம் ஆயிப்போச்சு. போர்டு எழுதினா எல்லாரும் வாசலுக்கு வருவாங்க, அவரு எங்கன்னு கேப்பாங்க, என்னால வாய் தொறந்து சொல்ல முடியாதுண்ணே, இந்த வருஷம் மட்டும் எழுதாம இருக்க முடியுமான்னு கேட்டுது. அந்த ஒண்ண மட்டும் நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க இல்ல? அதான் எல்லாத்தையும் நிறுத்திடலாம்னு பாத்தேன்."

"பெரியப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா. உங்கள எவ்வளவு பேசினாரு."

"அது நம்பிச் சொன்னது எங்கிட்டம்மா. அண்ணன் பேசினதும் தப்பில்ல. அவருக்குத் தெரிஞ்சதுக்கு அவரு நாயமாத்தான் பேசினாரு."

கேக்குக்கு என்ன எழுதுவது என்பதை அவர் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. போனை வைத்த பிறகு எனக்கு நினைவுக்கு வந்தது அதற்கு அடுத்த கிறிஸ்துமஸ்.

அந்த வருடம் சிஸ்டர் அத்தை தானாகவே எங்கள் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு போர்டு நீதானே எழுதற? நட்சத்திரத்தப் பெருசா போடு. பிரெஞ்சு வேணாம், தமிழ் போதும்" என்றார். பிரெஞ்சு எழுத முடியாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். அதைச் சரிக்கட்ட நட்சத்திரத்துக்கு இரண்டு வால் வைத்தேன். காலையில் கூட்டம் மாடியேறியது. கதவு திறந்திருந்தது. அத்தை புதுப் புடவையில் தட்டோடு நின்றார். அப்பா கடைசியில் நின்றார்.

கீழ்வீட்டு சார்தான் கேட்டார்: "இந்த வருஷமும் சார் வரலீங்களா சிஸ்டர்?"

"அவரு இனிமே வரமாட்டாருங்க" என்றார் அத்தை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் உறவுக்காரர்களிடம் சொல்வாரே, அந்தக் குரலில். "நீங்க கேக் எடுத்துக்குங்க."

சார் எடுத்துக்கொண்டார். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா மட்டும் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைசிக்குப் போய் அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டார். முந்திரி இருக்கும் துண்டு எனக்கு வருமா என்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்த நான், அப்பா கடைசியில் தோற்றுப்போனதை ஒப்புக்கொண்டு சமாதானமாகிவிட்டார் என்று நினைத்தேன். பல வருடங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.