கம்பெனி வெல்லம்

பம்பாயில் செம்பூர்ப் பக்கம் இருந்த அந்தக் கெமிக்கல் கம்பெனியைப் பற்றி இப்போதும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஊருக்கே சோறு போட்டது என்பார் சிலர். சோற்றோடு வேறு என்னவெல்லாமோ போட்டது என்பார் சிலர். எனக்குப் பேப்பர் படிக்க வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கம்பெனி கொடுத்த வெல்லம்தான்.

அறுபதுகளில் நாங்கள் தாராவியில் இருந்தோம். நான் சின்னப்பிள்ளை. அப்பாவுக்கு அந்தக் கம்பெனியின் கோடவுனில் மூட்டை அடுக்கும் வேலை. அப்படித்தான் வீட்டில் சொல்லியிருந்தார். ஒரு மழைக்காலத்தில் திடீரென்று தினமும் கைக்குட்டையில் ஒரு வெல்லக்கட்டி முடிந்துகொண்டு வர ஆரம்பித்தார். கம்பெனியில் சும்மா கொடுக்கிறார்களாம். தான் தின்னாமல் எனக்கும் தம்பிக்கும் கொண்டுவந்தார்.

சும்மா என்றாலே என் அம்மாவுக்கு ஆகாது. பால்காரன் ஒரு சொட்டு கூடுதலாக ஊற்றினால் அன்றைக்குப் பாலை முகர்ந்து பார்க்கிறவள்.

"பம்பாயில எவன் சும்மா குடுப்பான்? என்னத்தையோ கலந்திருக்கான்" என்று எங்கள் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். ஒரு துணுக்கை வாசலில் போட்டாள். எறும்பு வந்தது, தின்றது, நன்றாகவே போனது. அப்போதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலையில் தானே ஒரு துண்டைத் தின்றுவிட்டுப் பக்கத்து வீட்டு அத்தையிடம் போனாள்.

"எனக்கு ஏதும் ஆச்சுன்னா பிள்ளையளப் பாத்துக்கிடுங்க மதினி."

அத்தையின் வீட்டுக்காரரும் அதே கம்பெனிதான். விஷயத்தைக் கேட்டு அத்தை முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"உங்க வீட்டுக்கு வெல்லம் வருதா? எங்க வீட்டுக்காரவுகளும் கோடவுன்லதான இருக்காவ, அவுகளுக்குக் கெடையாதே. ஆசிட் பிளான்ட்ல நிக்கிறவங்களுக்குத்தான் அது. நெஞ்சுக்குள்ள போற பொகைய வெல்லம் இழுத்துரும்னு குடுக்கான்."

அன்று அப்பா வந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள்.

"கோடவுன்ல எப்பத்துலேருந்து வெல்லம் குடுக்காவ?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அங்க போய் நின்னாத்தான் பெர்மனென்ட் பண்ணுவேங்கான். காத்தெல்லாம் சுத்தமாத்தான் இருக்குன்னு மானேஜர் சொல்லுதாரு."

"காத்து சுத்தம்னா வெல்லம் என்னத்துக்கு?"

பின்னாளில் இதே கேள்வியைக் கம்பெனி டாக்டரிடமும் அம்மா கேட்டாள். அவர் அப்பாவின் இருமலைப் பீடி இருமல் என்று சொல்லியிருந்தார். அப்பா பீடியைத் தொட்டதே கிடையாது. டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். யார் முன்னாலும் குரலைத் தாழ்த்தாதவள் என் அம்மா.

அப்பாவைக் கேட்ட அன்றிலிருந்தே வெல்லம் எங்கள் கைக்கு வரவில்லை. கம்பெனியிலேயே தின்றுவிட்டேன் என்று அப்பா சொன்னால் அவள் நம்பமாட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். அவரைச் சுவரோரம் உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து, கடைசித் துணுக்குவரை தின்னவைப்பாள். தம்பி கை நீட்டினால் கையிலேயே அடி.

"பிள்ளைக்கு ஒரு துண்டு குடு" என்பார் அப்பா.

"நீங்க முழுங்குங்க" என்பாள், அவர் தொண்டையையே பார்த்தபடி.

எங்கள் அம்மாவுக்கு அப்பா மேல்தான் ஆசை, எங்கள் மேல் இல்லை என்று அத்தையிடம் போய் அழுதேன். அத்தை தன் வீட்டு டப்பாவைத் திறந்து ஒரு துண்டு வெல்லம் கொடுத்தாள். எனக்குக் கம்பெனி வெல்லம்தான் வேண்டும் என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.