கிரைண்டரை ஹாலில் வைத்தவர்கள்

கையால் ஆட்டிய மாவுக்குத்தான் ருசி என்று சொன்ன ஆம்பிளைகளில் ஒருத்தர்கூட ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மனதில் வைத்துக்கொண்டு பேச வராது.

தென்காசியில் எங்கள் தெருவில் புதுச் சாமான் எது வாங்குவதானாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். நான் படித்தது எட்டாம் வகுப்பு. மோட்டாருக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வாங்கின சாமான் சொன்ன வேலையைச் செய்கிறதா இல்லையா என்று பார்க்க அது தெரிய வேண்டியதில்லை. பம்பு ஸ்டவ் வந்தபோது, வாங்காதீர்கள், புருவம் கருகும் என்றேன். வாங்கியவர்களுக்குக் கருகியது. மிக்ஸி வந்தபோது சட்னிக்கு நல்லது, இட்லி மாவுக்கு ஆகாது, அரைக்கிற சூட்டில் உளுந்து செத்துப்போகும் என்றேன். கேட்டவர்கள் பிழைத்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் குற்றால சீசன் வந்தால் அருவிக்குப் போகிற பாதையில் ஃபாரின் சாமான் கடைகள் முளைக்கும். பட்டனை அமுக்கினால் விரிகிற குடை, இரண்டு நாள் சாரலில் கண்ணாடிக்குள் ஆவி பிடித்துக்கொள்கிற டிஜிட்டல் வாட்ச், சாயம் போகிற சட்டை. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தார். உள்ளங்கை அளவு. ஒரு கறுப்புப் பொம்மை கூடையைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடி, மேலே இருந்து விழுகிற பழங்களைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. நாற்பது வயது மனிதர், ஆபீஸ் விட்டு வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோற்றில் கை காய்ந்துகொண்டிருக்கும், கண் பழத்தின் மேல் இருக்கும். ஒரு நாள் பொம்மை மங்கிப்போய் நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது. சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி. தென்காசியில் இல்லை, திருநெல்வேலியிலும் இல்லை. விற்றவன் சீசன் முடிந்து கடையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டான். நம்ம ஊரில் பேட்டரி கிடைக்காத சாமான் நம்ம சாமானே இல்லை என்று சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் கிரைண்டர் வாங்கச் சொன்னதும் நான்தான்.

என் அண்ணன் வேலை பார்த்த ஜவுளிக்கடையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு மதினிதான் வீட்டைத் தூக்கி நிறுத்தினாள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு சீசன் நேரத்தில் காலை இட்லி போடுகிற வேலையைப் பிடித்தாள். விடியும்போது அவித்து, ஓலைப்பெட்டியில் துணி போட்டு மூடி முதல் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். முதல் வருஷம் முழுக்கக் கையாலேயே ஆட்டினாள். சீசன் முடிந்தபோது அவளுக்கு வலது மணிக்கட்டு வீங்கி, சொந்தத் தலைமுடியைக் கொண்டை போட முடியவில்லை. என்னைக் கூப்பிட்டுப் போட்டுவிடச் சொன்னாள். போட்டுவிட்டுக்கொண்டே சொன்னேன், அடுத்த வருஷம் கிரைண்டர் வாங்கவில்லையென்றால் இந்தக் கை போய்விடும் என்று. காதில் கிடந்த கம்மலைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகு வைத்துத்தான் வாங்கினாள்.

கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. இரண்டு ஆள் தூக்குகிற கனம். அண்ணன் மஞ்சள், குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, ஹாலில் மேற்கு ஜன்னல் ஓரமாக நிறுத்தினான். அடுப்படியில் வைக்கச் சொன்னேன். கேட்கவில்லை.

"இம்புட்டுப் பெரிய சாமான் வாங்கி, அடுப்படி இருட்டுல வச்சா யாரு பாக்கப்போறா?" என்றான்.

பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டில் பிரிட்ஜ் ஹாலில்தான் நின்றது, அதன் மேல் பூச்சாடி வேறு. இவனுக்கு அந்த நினைப்பு. கிரைண்டரை வரவழைத்துக் கொடுத்த கடைக்காரரும் தன் பங்குக்கு, மோட்டாருக்குக் காற்று வேண்டும், ஜன்னலை அடைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பவர் பிளக்கையும் அங்கேயே அடித்தார்கள். வந்தவர் போனவரெல்லாம் செருப்பைக் கழற்றும்போதே கிரைண்டரைப் பார்த்துவிடலாம்.

அது வைகாசிக் கடைசி. நல்ல வெயில். மாவு பஞ்சாகப் பொங்கியது. சாரலுக்கு முந்தியே கூட்டம் வரத் தொடங்கிவிட, லாட்ஜுக்கு இட்லி போனது. லாட்ஜ்காரர் வாய்விட்டுப் பாராட்டாத ஆள், அவரே வெறும் பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது நல்லாருக்கு என்று சொல்லி அனுப்பினார். மதினி தன் கொண்டையைத் தானே போட்டுக்கொண்டாள். நான் தெருவில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

பிறகு ஆனி பிறந்து சாரல் பிடித்தது. இட்லி தட்டையாக வந்தது. முதல் நாள் உளுந்து சரியில்லை என்றார்கள். மறுநாள் அரிசி. அதற்கு மறுநாள் மிஷினே சரியில்லை என்று ஆகிவிட்டது. போன வருஷமும் இதே சாரல்தான், இதே குளிர்தான், ஆட்டுக்கல் மாவு பொங்கத்தானே செய்தது, அதனால் குற்றம் மிஷின் மேல்தான் என்று அண்ணனே பேச ஆரம்பித்தான். வாசலில் தேங்காய் உடைத்தவன்.

லாட்ஜ்காரர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமையிலிருந்து கையால் ஆட்டின மாவில் இட்லி வர வேண்டும், இல்லையென்றால் இலஞ்சியில் வேறு ஆள் பார்த்துவைத்திருக்கிறார். சீசன் போனால் அந்த வீட்டுக்கு வருஷமே போனது போலத்தான்.

நான் போனபோது மதினி ஆட்டுக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் துணியை இறுக்கிச் சுற்றியிருந்தாள்.

"நீ பேசாம இருட்டி. என் தலைவிதி கல்லுதான்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அங்கிருந்து நேரே கிரைண்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மிஷினில் ஒரு குறையும் இல்லை, பெண்களுக்குப் பக்குவம் தெரியவில்லை என்றார்.

"பக்குவம் தெரியாமலா அண்ணாச்சி போன மாசம் லாட்ஜே தின்னுச்சு?" என்று கேட்டேன். ஆனால் கேட்டுவிட்டுத் திரும்பி வரும்போது எனக்கே ஒன்று உறைத்தது. அந்த ஆள் சொன்னதில் பாதி சரி. மிஷினில் குறை இருந்தால் போன மாசமும் இருந்திருக்க வேண்டும். மதினிக்குப் பக்குவம் தெரியாது என்று சொன்னால் அவன் வாயைத் தைக்க வேண்டும். அப்படியானால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் மதினி வீட்டுக்குப் போய், இன்னும் ஒரே ஒரு தடவை மிஷினில் ஆட்டு, நான் பார்க்க வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன். ஊறப்போட்டதிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உளுந்தில் தண்ணீர் சரி. மிஷினில் மாவு நுரைத்து நுரைத்து வந்தது, ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதந்தது. உப்பு சரி. கையால்தான் கரைத்தாள். பெரிய அண்டாவில் மாவை வழித்து மூடிபோட்டு, கிரைண்டர் பக்கத்திலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

ஏன் இங்கேயே விடுகிறாய் என்று கேட்டேன். அண்டாவைத் தூக்கிக்கொண்டு நடு அறையான பட்டாசாலைத் தாண்டி அடுப்படிக்குப் போக அவள் மணிக்கட்டு இடம் கொடுக்கவில்லை. விடியக்காலையில் அங்கேயிருந்தே சின்னச் சின்னத் தூக்குச் சட்டியில் மொண்டுகொண்டு போவாளாம். அண்ணனைத் தூக்கச் சொல்ல வேண்டியதுதானே என்றேன். வாசலில் போகிறவர்கள் பார்க்க அவன் மாவு அண்டா தூக்குவானா?

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். மோட்டாருக்குக் காற்று வேண்டும் என்று திறந்தே கிடந்த மேற்கு ஜன்னல் வழியாகச் சாரல் காற்று நேராக உள்ளே வந்தது. நான் முந்தானையைப் போர்த்திக்கொண்டேன். அண்டாவில் கையை வைத்தேன். அருவித் தண்ணீரில் கையை வைத்த மாதிரி இருந்தது. போன வருஷம் ஆட்டுக்கல் எங்கே கிடந்தது? அடுப்படியில். மாவுச் சட்டி எங்கே இருந்தது? அடுப்புத் திட்டின் மேல், ராத்திரி முழுக்கக் கணகணவென்று இருக்கிற சுவரை ஒட்டி. ஆட்டுக்கல் மாவு பொங்கியது கல்லினால் இல்லை, அடுப்பினால்.

"மதினி, மாவுக்குக் குளிருது" என்றேன்.

எனக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்று அவள் நினைப்பது பார்வையிலேயே தெரிந்தது. நான் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்புத் திட்டில் வைத்து, சாக்கைச் சுற்றிக் கட்டினேன். எனக்கு மணிக்கட்டு நன்றாகத்தான் இருந்தது. விடிந்து பார்த்தால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. மதினி கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து இட்லித் தட்டில் போட்டு நனைத்தாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பெட்டியை மட்டும் அனுப்பாமல் நானும் மதினியும் பஸ் ஏறினோம். லாட்ஜ் வாசலில் ஒரு போர்டு புதிதாகத் தொங்கியது. 'கையால் ஆட்டிய மாவு இட்லி கிடைக்கும்.' எங்களிடம் கேட்காமலே எழுதி மாட்டிவிட்டார். அவர் ஒரு இட்லியை எடுத்துப் பிட்டார், வாயில் போட்டார், கண்ணை மூடினார்.

"பாத்தியளா? கல்லுன்னா கல்லுதான். நாக்கு சொல்லிரும்லா" என்றார்.

மதினி என் இடுப்பில் கிள்ளினாள். பேசாமல் இரு என்று அர்த்தம். அவளுக்கு அன்றைய பாடு முடிந்தால் போதும். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் அப்படியே நம்பிக்கொண்டால் நாளைக்கு யாராவது அந்த வீட்டு ஹாலில் கிரைண்டரைப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். அப்போது மதினி பொய்க்காரி ஆவாள். இட்லியும் போகும், பேரும் போகும். அவளும் பயந்து பயந்து மறுபடியும் கல்லில்தான் உட்காருவாள்.

"அண்ணாச்சி, இது மிஷின் மாவு. நேத்தும் மிஷின் மாவுதான். நேத்து மாவுக்குப் பக்குவமில்ல, இன்னைக்கு இருக்கு. அவ்வளவுதான்" என்றேன்.

அவர் இன்னொரு இட்லியை எடுத்தார். அதையும் தின்றார். வெளியே போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சத்தமாச் சொல்லாதம்மா. ரூம்காரங்க எல்லாரையும் நான் கூப்பிட்டுல்லா சொல்லிருக்கேன்" என்றார்.

போர்டு உங்களுடையது, அதில் இருக்கிற பொய்யும் உங்களுடையது, இட்லி மட்டும்தான் எங்களுடையது என்று சொல்லிவிட்டு வெறும் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தோம். பஸ்ஸில் மதினி என்னோடு பேசவில்லை. மறுநாளும் இட்லி போனது, யாரும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பவில்லை. அதற்குப் பிறகுதான் பேசினாள்.

அந்த வாரமே எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, அடுப்படிக்கு வயர் இழுத்து, கிரைண்டரை உள்ளே கொண்டுபோய் வைத்தோம். அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. இனி யாருக்காவது காட்ட வேண்டுமானால் புகைக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூட்டிக்கொண்டும் போனான். அந்த அடுப்படிக்குள் ஆம்பிளைகள் கால் வைத்ததே அதன் பிறகுதான். சிலருக்குக் கண் எரிந்தது. எரியட்டும்.

சீசன் முழுக்க இட்லி போனது. கடைசியில் லாட்ஜ்காரரே ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிரைண்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓடவிட்டுக் காட்டச் சொன்னார். லாட்ஜுக்கே ஒன்று வாங்கிவிடலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது எனக்குத் தெரிந்தது, மதினிக்கும் தெரிந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. அவர் ஒருவரை விட்டால் எங்களுக்கு வேறு லாட்ஜ் கிடையாது.

"நீதான் எல்லாத்துக்கும் கருத்துச் சொல்லுதியாமே. மிஷின் எப்படிம்மா, வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

"நல்ல மிஷின் அண்ணாச்சி. வாங்குங்க" என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது. அது நல்ல மிஷின்தான்.

அடுத்த சீசனில் வாங்கினார். போர்டைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில், லாட்ஜ் முன்வராந்தாவில், வருகிறவன் போகிறவனெல்லாம் பார்க்கிற மாதிரி மாலை போட்டு நிறுத்தினார். ஐந்தருவிப் பக்கமிருந்து வருகிற காற்று முதலில் அதன் மேல் பட்டுவிட்டுத்தான் லாட்ஜுக்குள்ளேயே போகும். ஆடி பிறப்பதற்குள் மதினியைத் தேடி ஆள் வந்துவிட்டது, போன வருஷத்தைவிட இரண்டு பெட்டி கூடுதலாக வேண்டும் என்று.

மிஷினைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். மாவை எங்கே வைப்பது என்று அவர் கேட்கவில்லை.